பழைய பழியும் புதிய வழக்கும்

ஒருவர் முன்பு ஒரு திருட்டைச் செய்தார் என்பது, இன்று நடந்த கொள்ளையையும் அவரே செய்தார் என்பதற்குச் சான்றாகுமா? கேட்ட மாத்திரத்தில் 'ஆகும்' என்று சொல்லவே பலருக்கும் தோன்றும். ஊர்ச் சாவடியிலும் தேநீர்க் கடையிலும் அப்படித்தான் பேசப்படுகிறது. ஆனால் நீதிமன்றம் 'ஆகாது' என்கிறது. அந்த ஒரு சொல்லில் ஏழை எளியவரின் உயிரும் மானமும் அடங்கியிருக்கின்றன. அச்சொல் எவ்வாறு சட்டமாயிற்று, யாருக்கெல்லாம் அது மறுக்கப்பட்டது, நம் இராமநாதபுரச் சீமையில் அதன் வரலாறு யாது என்பவற்றை, வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் இளைஞர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோவலன் வழக்கு

தமிழர்க்கு இவ்வினா புதியதன்று. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை மாணவர் பலரும் படித்திருப்பர். அரசியின் சிலம்பைக் களவாடியவன் பொற்கொல்லன். பழி சுமத்தப்பட்டவன் கோவலன். அவனைக் கொல்ல வந்த காவலர் அவன் தோற்றத்தைக் கண்டு, இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று தயங்கினர். அப்போது பொற்கொல்லன் செய்தது என்ன? இந்தச் சிலம்பை இவன் எடுத்ததைக் கண்டவர் இன்னார் என்று ஒரு சாட்சியையும் அவன் காட்டவில்லை. கள்வர்க்கு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டுத் துணைகள் உண்டு என்று விரித்துரைத்தான். தூதன் வடிவில் வந்து இளவரசனின் ஆரத்தைக் கவர்ந்து மறைந்த வேறொரு கள்வனின் கதையைச் சொன்னான். உடனிருந்த காவலன் ஒருவனும், மழைக்கால இரவில் தன் ஊரில் தான் எதிர்ப்பட்ட ஒரு கள்வனைப் பற்றிச் சொன்னான். இக்கதைகளைக் கேட்டு அச்சம் பெருகிய நிலையில், கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசினான். கோவலன் வீழ்ந்தான்.

இங்கே நாம் உற்று நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அவ்விடத்தில் பேசப்பட்ட களவுகளுள் ஒன்றையேனும் கோவலன் செய்ததாக எவரும் மெய்ப்பிக்கவில்லை. பிற களவுகளின் கதைகளே, இக்களவுக்குச் சான்று போல நின்று ஓர் உயிரைக் குடித்தன. பாண்டியன் தவறு தேராமையால் விளைந்தது என்று நாம் வகுப்பறைகளில் கற்பிக்கிறோம். எதனைத் தேர வேண்டும், எதனைத் தள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும்.

1872ஆம் ஆண்டுச் சட்டம்

இந்தியச் சாட்சியச் சட்டம் 1872 மார்ச் 15ஆம் நாள் நிறைவேறி, அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதனை வரைந்தவர் தலைமை ஆளுநரின் மன்றத்தில் சட்ட உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். அதன் 54ஆம் பிரிவு, குற்ற வழக்கில் எதிரியின் கெட்ட நடத்தை வழக்குக்குத் தொடர்பற்றது என்று கூறியது. எதிரி தாமே தம் நன்னடத்தைக்குச் சான்று கொண்டுவந்தால் மட்டுமே, அதற்கு மறுமொழியாக அரசுத் தரப்பு அவருடைய பழைய நடத்தையை எடுத்துரைக்கலாம். எதிரி அக்கதவைத் திறவாதவரை அரசுத் தரப்பு உள்ளே நுழைய இயலாது.

முதலில் இயற்றப்பட்டபோது அப்பிரிவில் ஒரு பெருங்குறை இருந்தது. கெட்ட நடத்தை தொடர்பற்றது என்று சொன்ன அதே பிரிவு, முன்பு தண்டனை பெற்றிருத்தல் மட்டும் தொடர்புடையதே என்று கூறியிருந்தது. 1891ஆம் ஆண்டின் திருத்தம் அக்குறையை நீக்கியது. 2024 சூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதிநியமம் நடைமுறையில் இருக்கிறது. அதிலும் 49ஆம் பிரிவாக இவ்விதி நிலைபெற்றுள்ளது.

விசாரணை நடக்கும் முறையிலும் இதற்குக் காவல் உண்டு. ஒருவர் முன்பு தண்டிக்கப்பட்டவராதலின் கூடுதல் தண்டனைக்குரியவர் என்று குற்றச்சாட்டில் எழுதப்பட்டிருக்கலாம். எனினும் செசன்சு நீதிமன்றத்தில், இந்தக் குற்றத்தை அவர் செய்தார் என்று தீர்ப்பாகும்வரை அப்பகுதி படிக்கப்படலாகாது. பழைய தண்டனை, இன்றைய தண்டனையின் அளவை முடிவு செய்யப் பயன்படலாம். இன்றைய குற்றத்தை மெய்ப்பிக்கப் பயன்படலாகாது. இவ்வேறுபாட்டை நம் இளைஞர்கள் நன்கு மனத்திற்கொள்ள வேண்டும்.

விதியும் விலக்கும்

பழைய செயல் எதுவும் எக்காலத்தும் நீதிமன்றத்திற்குள் வரவே கூடாது என்பது சட்டமன்று. எதிரியின் அறிவையோ உள்நோக்கத்தையோ காட்டும் செயல் வரலாம். திருட்டுப் பொருளை அறிந்தே வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. அவரிடத்தில் அவ்வேளையில் வேறு பல திருட்டுப் பொருள்களும் இருந்தன என்றால், அவர் அறியாமல் வாங்கவில்லை என்பதற்கு அது சான்றாகும். ஒருவர் காப்பீட்டுத் தொகைக்காகத் தம் வீட்டுக்குத் தாமே தீ வைத்தார் என்பது வழக்கு. அவர் முன்பு குடியிருந்த வீடுகளும் அடுத்தடுத்துக் காப்பீடு செய்யப்பட்டு, எரிந்து, பணம் பெறப்பட்டன என்றால், தீ தற்செயலானதன்று என்பதற்கு அது சான்றாகும். இவ்வெடுத்துக்காட்டுகள் சட்டத்திலேயே உள்ளவை.

அச்சட்டம் தரும் இன்னோர் எடுத்துக்காட்டு நுட்பமானது. ஒருவரைச் சுட்டுக் கொன்றதாக வழக்கு. எதிரி அதே மனிதரை முன்பும் சுட முயன்றார் என்பதைச் சொல்லலாம். அவர் மனிதர்களைச் சுடும் வழக்கமுடையவர் என்று சொல்லலாகாது. முன்னது இவ்வழக்கின் நோக்கத்தைக் காட்டுகிறது. பின்னது மனிதரின் இயல்பைப் பழிக்கிறது. திருடுவதையோ கொள்ளையடிப்பதையோ வழக்கமாகக் கொண்ட கும்பலைச் சேர்ந்தவர் என்பதே குற்றச்சாட்டாக இருக்குமானால், அங்கே பழைய செயல்களைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏனெனில் அவ்வழக்கில் வழக்கம் என்பதே குற்றத்தின் உறுப்பு.

கொள்ளை வழக்கில் இவ்விதி எவ்வாறு செயற்பட்டது என்பதற்குக் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் பஞ்சு தாஸ் வழக்கு சான்றாகும். ஒரு பெண்ணைக் கொன்று நகைகளைப் பறித்ததாகக் குற்றச்சாட்டு. எதிரி முன்பும் இதே போன்ற வேடத்தில் வேறொரு பெண்ணிடம் சென்றார் என்று அரசுத் தரப்பு சாட்சியம் கொண்டுவந்தது. 1920இல் அந்நீதிமன்றத்தின் முழு ஆயம், அச்சாட்சியம் ஏற்கத்தக்கதன்று என்று முடிவு செய்தது. இந்தியத் தொழிலாளர் பலர் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பிரிட்டிஷ் கயானாவிலிருந்து வந்த நூர் முகமது வழக்கும் அத்தகையதே. அவர் ஒரு பொற்கொல்லர். தம்முடன் வாழ்ந்த பெண்ணைச் சயனைடு நஞ்சால் கொன்றதாக வழக்கு. அவருடைய மனைவியும் முன்பு அதே நஞ்சால் இறந்தார் என்ற சாட்சியம் அனுமதிக்கப்பட்டு, அவருக்குக் கொலைத் தண்டனை விதிக்கப்பட்டது. இலண்டன் பிரிவிக் கவுன்சில், அச்சாட்சியத்தை அனுமதித்தது தவறு என்று கூறி அத்தண்டனையை நீக்கியது.

இவ்விதிக்குக் காரணங்கள் மூன்று எனலாம். முதலாவது, பழைய பெயரைத் தேடிச் செல்வது விசாரணையாளருக்கு எளிது; அவ்வெளிமையால் உண்மைக் குற்றவாளி தப்புகிறான். இரண்டாவது, பழைய குற்றத்தைக் கேட்ட மனம், இன்றைய சான்றின் குறையைக் காண மறுக்கிறது. மூன்றாவது, ஒருவர் ஒரு நாளின் செயலுக்கு விடை சொல்ல நீதிமன்றம் வரலாம். தம் வாழ்நாள் முழுவதற்கும் விடை சொல்ல எவரால் இயலும்?

ஒரே மன்றத்தின் இரண்டு சட்டங்கள்

இனி நாம் காணப்போவது வரலாற்றின் கசப்பான பகுதி. சாட்சியச் சட்டம் நிறைவேறுவதற்கு ஐந்து மாதங்கள் முன்னர், 1871 அக்டோபர் 12ஆம் நாள், அதே மன்றம் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியிருந்தது. ஒரு சட்டம், ஒருவர் தாமே செய்த பழைய குற்றத்தைக்கூட அவருக்கு எதிராக எளிதில் சொல்லலாகாது என்றது. மற்றொரு சட்டம், ஒருவர் எந்தக் குற்றமும் செய்யாமலேயே பிறப்பால் குற்றவாளி எனப் பதியப்படலாம் என்றது. அரசின் அறிவிப்பை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கலாகாது என்றும் விதித்தது.

முதலில் வட இந்தியப் பகுதிகளில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. 1924இல் அது மீண்டும் தொகுக்கப்பட்டது. பதிவு செய்யப்பட்டோர் கைரேகை வைக்க வேண்டும். ஆதலால் மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றனர். வெளியூர் செல்ல இராதாரிச் சீட்டுப் பெற வேண்டும். குறிப்பிட்ட குற்றங்களுள் ஒன்றில் இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் ஏழாண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறை வாழ்நாள் நாடுகடத்தல். திருடச் செல்கிறார் என ஐயுறத்தக்க நிலையில் காணப்பட்டாலே மூன்றாண்டு வரை சிறை. சாட்சியச் சட்டம் முன்வாயிலில் தடுத்து நிறுத்திய பழைய பழியை, இச்சட்டம் பின்வாயில் வழியே அழைத்து வந்தது எனலாம்.

சேதுச் சீமையில்

இராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910இல். அதன் தலைமை அலுவலகங்களோ 1985 வரை மதுரையிலேயே இருந்தன. மாவட்டம் பிறந்த மறு ஆண்டே இச்சட்டம் மாகாணத்திற்கு வந்தது. யார்மீது அது பாய்ந்தது என்பதை அறிய, அவர்கள் பிழைப்பு எவ்வாறு அழிந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

குறவர் சமூகத்தாரை எண்ணிப் பாருங்கள். அவர்கள் இன்று பட்டியல் இனத்தாருள் ஒருவர், நம்மவர். அவர்களுள் ஒரு பிரிவினர் கழுதைகளிலும் மாடுகளிலும் உப்பை ஏற்றி, கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குக் கொண்டுசென்று, தானியத்திற்கு மாற்றி வாழ்ந்தனர். 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமையாயிற்று. பின்னர் இருப்புப்பாதை வந்தது. 1902இல் மதுரையிலிருந்து மண்டபம் வரையும், 1914இல் பாம்பன் பாலத்தின் வழியே இராமேசுவரத் தீவுக்கும் அது நீண்டது. சேது யாத்திரிகருக்கு அதனால் பெருநன்மை விளைந்தது. ஆனால் நாட்டின் பல பகுதிகளிலும் இருப்புப்பாதை வந்ததும், பொதிமாட்டு வணிகம் மடிந்தது. அலைந்து வணிகம் செய்தவர், காரணமின்றி அலைகிறவர் என்று பெயர் பெற்றனர். மாகாணத்தின் பல பகுதிகளில் குறவர் பிரிவுகள் பதிவேட்டில் ஏற்றப்பட்டன. 1913இல் குண்டூர்ப் பகுதியில் அமைந்த ஸ்டூவர்ட்டுபுரம் போன்ற குடியிருப்புகளில் குடும்பங்கள் அடைக்கப்பட்டன.

மறவர் சமூகத்தாரின் வரலாறு வேறு வகைப்பட்டது. சேதுபதிகள் காலத்தில் ஊர்க்காவலும் வழிக்காவலும் அவர்களுள் பலருக்குப் பிழைப்பாக இருந்தன. 1801ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைக் கம்பெனியார் ஒடுக்கிய பின்னர், ஆயுதங்கள் பறிக்கப்பட்டன; பழைய காவல் முறை குலைந்தது. 1803இல் சேது நாடு நிலையான வரி செலுத்தும் ஜமீனாயிற்று. காவற்கூலி பெற்று வாழ்ந்தவர் அரசின் கண்ணுக்குக் கள்வராகத் தோன்றினர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள், உசிலம்பட்டிப் பகுதியின் பெருங்காமநல்லூரில், கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் உயிர்நீத்தனர். 1920களின் இறுதியில் முதுகுளத்தூர்ப் பகுதியின் ஆப்பநாட்டு மறவர்மீதும் இச்சட்டம் ஏவப்பட்டது. அதனை எதிர்த்துப் பெருங்கிளர்ச்சி எழுந்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1952 ஆகஸ்டு 31இல் நாடு முழுவதும் அது ஒழிந்தது.

நமக்கு இதில் என்ன?

'நம்மை ஒடுக்கியோரின் துயரை நாம் ஏன் பேச வேண்டும்?' என்று இளைஞர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நிலத்திலும் நீரிலும் சுடுகாட்டுப் பாதையிலும் நாம் பட்ட துன்பம் கொஞ்சமன்று. 1957 செப்டம்பர் 11ஆம் நாள் பரமக்குடியில் தியாகி இம்மானுவேல் சேகரன் படுகொலை செய்யப்பட்டதை நாம் மறக்கவில்லை, மறக்கப் போவதுமில்லை.

ஆயினும் எண்ணிப் பாருங்கள். கொலை செய்தவர்மீது கொலைக் குற்றம் சாட்ட வேண்டும் என்பது நம் கோரிக்கை. பிறந்த குழந்தைமீது சாட்ட வேண்டும் என்பது நம் கோரிக்கையன்று. பிறப்பால் ஒருவன் தூயவன், பிறப்பால் ஒருவன் தீட்டுடையவன் என்ற கொள்கையை எதிர்த்தே அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்நாளைச் செலவிட்டார். 'பிறப்பால் ஒருவன் திருடன்' என்பதும் அதே கொள்கையின் மறுவடிவமே. அயலார்க்கு அது பொருந்தும் என்று நாம் தலையசைத்தால், நாளை நம் தெருவுக்கு அது வரும்போது மறுத்துப் பேச நமக்கு வாயிராது.

அது நம் தெருவுக்கு வந்தும் இருக்கிறது. குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் நன்னடத்தைப் பிணை கேட்கும் பிரிவு ஒன்று உண்டு. வழக்கமாகக் குற்றம் செய்பவர் என்பதை ஊரில் நிலவும் பொதுப் பேச்சைக் கொண்டே அங்கே மெய்ப்பிக்கலாம். அந்நாளில் ஊரின் பேச்சைப் பேசியவர் யார்? கிராம முன்சீப்பும் கணக்குப்பிள்ளையும் நிலக்கிழாருமே அன்றோ? பரம்பரையாக வந்த அப்பதவிகள் தமிழ்நாட்டில் 1980இல்தான் ஒழிக்கப்பட்டன. கூலி உயர்த்திக் கேட்டவனும், பொதுக் கிணற்றில் நீர் எடுத்தவனும், அப்பேச்சில் போக்கிரி ஆவதற்கு எவ்வளவு நேரமாகும்?

பள்ளிக்கூடத்திலும் இதன் நிழலை நாம் கண்டதுண்டு. வகுப்பில் ஓர் எழுதுகோல் காணாமற் போனால், எந்தத் தெருப் பிள்ளையின் பையை முதலில் சோதிப்பது என்று எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சென்ற ஆண்டு ஒரு பென்சிலை எடுத்த பிள்ளையாக இருந்துவிட்டால் விசாரணையே தேவையில்லை. அப்பிள்ளை பல நாள் பள்ளிக்கு வராமற்போவதும், பின்பு வராமலே நின்றுவிடுவதும் உண்டு. ஓர் எழுதுகோலின் விலை ஒரு பிள்ளையின் கல்வி.

இன்றைய நிலை

குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்தபின், 1948இல் வழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. இது சாதியை விடுத்துத் தனி மனிதரைப் பார்த்தது. அந்த அளவில் முன்னேற்றமே. எனினும் பதிவேடுகள் பதிவேடுகளாகவே நின்றன. நாம் ஒருவரை ஏசும்போது 'கேடி' என்கிறோம். அது தமிழ்ச் சொல் போலத் தோன்றினாலும், 'அறியப்பட்ட கொள்ளையர்' என்ற பொருளில் காவல்துறைப் பதிவேட்டில் எழுதப்பட்ட இரண்டு ஆங்கில எழுத்துகளே அச்சொல். ஒரு பதிவேடு நம் நாவிலும் ஏறிவிட்டது.

1993இல் விருத்தாசலம் பகுதியின் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்ததைப் பலரும் அறிவர். நகைத் திருட்டு என்ற ஐயத்தில் கொண்டுசெல்லப்பட்ட குறவர் சமூகத் தொழிலாளி ஒருவர் காவலில் உயிரிழந்தார். அவருடைய மனைவி, வழக்கறிஞர் கே. சந்துருவின் துணையோடு சென்னை உயர் நீதிமன்றத்தில் போராடி நீதி பெற்றார். 2021இல் வெளிவந்த 'ஜெய் பீம்' திரைப்படம் அந்நிகழ்ச்சியைத் தழுவியது. சாட்சியச் சட்டத்தின் நல்ல விதிகள் யாவும் நீதிமன்ற வாயிலில்தான் தொடங்குகின்றன. அவ்வாயிலை உயிரோடு அடைதல் வேண்டும் என்பதையே அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

அண்மையில் நம்பிக்கை தரும் இரண்டு தீர்ப்புகள் வந்துள்ளன. 2024 மே மாதம், அமானத்துல்லா கான் வழக்கில் உச்ச நீதிமன்றம், பட்டியல் இனத்தார் உள்ளிட்ட எளிய சமூகத்தினரின் பெயர்களை, அவர்கள் பிறப்பையும் வறுமையையும் கொண்டு காவல்துறையின் குற்றப் பதிவேடுகளில் இயந்திரம் போல எழுதலாகாது என்று அறிவுறுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள், சுகன்யா சாந்தா வழக்கில், சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிப்பது அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதிய சிறை விதிகளும் அதனோடு வீழ்ந்தன. 1871இல் எழுதிய ஒரு பொய்யை முற்றிலும் அழிக்க, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நீதிமன்றம் உழைக்க வேண்டியிருக்கிறது.

இளைஞர்க்குச் சில சொற்கள்

நம் தெருவில் ஒருவர்மீது கொள்ளை வழக்கு வந்தால் செய்யத்தக்கவை சில உண்டு. பட்டியல் இனத்தவர் எவரும், வருமானம் எவ்வளவாயினும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுக வேண்டும். கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேசும் உரிமை அரசமைப்பின் 22ஆம் பிரிவில் உள்ளது. நன்னடத்தைக்குச் சாட்சி சொல்ல ஊரார் ஆர்வத்தோடு முன்வருவது இயல்பு. ஆனால் அச்சாட்சியம் பழைய வழக்குகளுக்குக் கதவு திறந்துவிடும் என்பதால், வழக்கறிஞரைக் கேளாமல் அதனைச் செய்யலாகாது.

இவற்றினும் பெரிய கடமை ஒன்றுண்டு. ஒருமுறை தவறியவர் தண்டனை முடிந்து ஊர் திரும்பினால், அவரை மனிதராக வாழ விடுங்கள். மீண்டும் ஏதேனும் காணாமற் போனால், முதலில் அவர் வீட்டுக்கு விரல் நீட்டாதீர்கள். 'இந்தப் பொருளை, இந்த நாளில், இவர் எடுத்ததைக் கண்டவர் யார்?' என்று கேளுங்கள். படித்தவர் பத்துப் பேர் ஒரு தெருவில் இருந்து இக்கேள்வியைத் தயங்காமல் கேட்பாராயின், அத்தெருவிலிருந்து குற்றமற்ற ஒருவரை இழுத்துச் செல்வது எளிதன்று.

கையெழுத்திடக் கற்றுக் கொடுப்பதோடு கல்விக் கழகத்தின் பணி முடிவதில்லை. கைரேகை வாங்க வருவோரிடம் காரணம் கேட்கும் துணிவையும் அது தர வேண்டும். இக்கழகத்தின் இருபத்தைந்து ஆண்டு உழைப்பால் படித்து உயர்ந்தோர், சட்டம் பயின்று நம் மாவட்ட நீதிமன்றங்களில் எளியவர்க்காக எழுந்து நிற்பார்களாக. பழைய பழியைச் சொல்லிப் புதிய வழக்கை முடிக்க எவரேனும் முயலும்போது, "இது சான்றாகாது" என்று அவர்கள் குரல் அங்கே ஒலிக்கட்டும்.